அப்பன்களை அளந்த நாள்

அன்புள்ள அந்தோணிக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, கை நடுக்கமும் இல்லை. இதை எழுதுவது நான்தான், அதனால்தான் இப்படி இருக்கிறது. கோடு போட்ட தாள்தான், ஆனாலும் எழுத்து கோட்டின் மேல் நிற்காமல் கீழே கீழே இறங்குகிறது. பேனாவை அழுத்தி அழுத்தி முதல் தாள் கிழிந்தே போய்விட்டது. மண்வெட்டி பிடித்த கைக்குப் பேனாவில் கனமே தெரியவில்லை, அதுதான் சிரமம். ரோஸ்லின் டீச்சர் தினமும் சாயங்காலம் நாலரை மணிக்கு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போன பிறகு, அதே பெஞ்சில் எங்களை உட்கார வைக்கிறார். மற்ற கிழவர்களுக்கு முழங்கால் இடிக்கிறது. எனக்கு இடிக்கவில்லை. என் உயரத்துக்கு மூன்றாம் வகுப்புப் பெஞ்சு சரியாக இருக்கிறது. இந்த அறுபத்து மூன்று வயதில் 'கூடைப்பந்து' என்று நானே எழுதிவிட்டேன், பார். எழுதியதும் டீச்சரிடம் காட்டினேன். "இது எதுக்குங்கய்யா ஒங்களுக்கு?" என்று கேட்டார். "வேணும்மா, ஒரு கடிதத்துக்கு வேணும்" என்றேன்.

இதுவரை சிங்கப்பூருக்கு உனக்கு வந்த என் கடிதங்களை எல்லாம் மளிகைக்கடை அருளப்பன்தான் எழுதினான். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே 'இங்கு அனைவரும் நலம்' என்று அவன் எழுதிவிடுவான். அதற்குப் பிறகு நலமில்லாத எதையும் சொல்ல எனக்கு வாய் வராது. போனில் பேசலாம் என்றால் அதுவும் அவன் கடை போன்தான், எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். போன மாதம் நீ போனில் என்னிடம் ஒன்று கேட்டாய். "கல்யாணத்துக்குக் கோச் சாரைக் கூப்பிடணும்ப்பா. அவர்கிட்ட உண்மையை நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாய். நான் "லைன் சரியில்லப்பா, ஒண்ணுமே கேக்கல" என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. உன் பக்கத்தில் யாரோ தட்டுக் கழுவும் சத்தம்கூடக் கேட்டது. அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கடிதம். எட்டு நாளாக எழுதுகிறேன்.

நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன். நாளைக்கு நீயும் ஒரு பிள்ளைக்கு அப்பாவாக நிற்பாய். அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் என் பக்கம் இருந்து நீ கேட்டதில்லை.

நீ பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருஷம், தஞ்சாவூர்க் காலேஜில் விளையாட்டுக்காரர்களுக்கு இடம் கொடுக்கிறார்கள் என்று போய் விளையாடிக் காட்டிவிட்டு வந்தாய். அப்போது நீ சரியாக ஆறடி. வந்ததும் வராததுமாக, "ஒரே ஒரு எடம்தான்ப்பா இருக்கு. பிவட்டுக்கு" என்றாய். பிவட் என்றால் என்ன என்று உன் அம்மா கேட்டாள். கூடைக்கு அடியில் நின்று, வந்து விழுகிற பந்தை எல்லாம் பிடிக்கிற ஆள், அணியிலேயே உயரமான ஆள் அவன்தான் என்றாய். "நாளைக்கு அப்பாவை அழைச்சுக்கிட்டு வரச் சொல்லியிருக்காரு கோச். நான் இன்னும் எவ்வளவு வளருவேன்னு அப்பாவைப் பாத்தாத் தெரியுமாம்" என்றாய். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய். பார்த்த மாத்திரத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாய். உன் அம்மாதான் பேசினாள். "கன்னுக்குட்டி வாங்கப் போறவன் பசுவைத்தானே பாப்பான்? ஒங்க கோச்சுக்கு அதுகூடத் தெரியாதா? நான் வர்றேன், என்னை அளக்கச் சொல்லு!" என்றாள். அவள் என்னைவிட அரையடி உயரம். கல்யாணத்தன்றே எங்கள் இரண்டு பேரையும் பார்த்து ஊர் சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தவள்தான். அன்றைக்கு மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு உன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு நான் பஸ் ஏறியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

அன்று சாயங்காலம் சவரிமுத்து மாமா லாரியை ரோட்டில் நிறுத்திவிட்டுத் தன் அக்கா கையால் காப்பி குடிக்க வந்தார். வழக்கம்போல வாசலில் குனிந்து உள்ளே வந்தார். அவர் குனிந்ததைப் பார்த்த நிமிஷத்தில்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. இத்தனை வருஷமாக நம் வீட்டில் 'மாமா யோசனை சொன்னார், அப்பா சரி என்றார்' என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். யோசனை என்னுடையது. "நாளைக்கு நீ வந்து அப்பனா நில்லு மச்சான்" என்று நான்தான் சொன்னேன். அவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டார். "என்ன மச்சான் வெளையாடுறீங்களா? பெத்தவன் கல்லு மாதிரி இருக்கையில நான் எப்படி நிக்கிறது?" என்றார். "உசரம் தாய்மாமன் உசரந்தானே, இதுல என்ன பொய்?" என்று நான் வாதாடினேன். உன் அம்மா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். நீ சுவரோடு சாய்ந்து நின்றாய். உன்னிடம் நான் கேட்கவே இல்லை, அந்தோணி. உன்னுடைய அப்பா யாராக இருக்க வேண்டும் என்பதை உன்னைக் கேட்காமலே முடிவு செய்தேன்.

உயரம் என்பது நான் வெளியில் சொன்ன காரணம். உள்ளே வேறொன்று இருந்தது, அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அங்கே ஏதாவது தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். மாமா எட்டாவது படித்தவர். நான் போயிருந்தால் மையைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும், கட்டை விரலை நீட்ட வேண்டும், ஷூ போட்ட பிள்ளைகள் நடுவில் நீ அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்தப் பயம்தான் பாதிக்கு மேல். மாமா அன்றைக்கு என் பெயரை அழகாகக் கையெழுத்துப் போட்டார். என் பெயர் எழுத்தில் எப்படி இருக்கும் என்று நான் முதன்முதலாகப் பார்த்தது அந்தத் தாளில்தான்.

வீட்டிலேயே இருந்திருக்கலாம். ஆனால் மனது கேட்காமல் மாமாவின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தேன். கோச் சார் சுவரில் அடித்திருந்த இரும்பு ஸ்கேலில் மாமாவை நிறுத்திப் பார்த்துவிட்டு, "ஆறு ரெண்டு! அப்ப பையன் ஆறு நாலு போயிடுவான்" என்று உன் முதுகில் தட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "இவரு?" என்றார். மாமா பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நான் அவங்க வீட்டு ஆளுங்க சார், தொணைக்கு வந்தேன்" என்றேன். யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. சித்தப்பா என்று சொல்லியிருக்கலாம், பக்கத்து வீடு என்று சொல்லியிருக்கலாம். என் அப்பா பண்ணை வீட்டு வாசலில் ஆயுசு முழுக்க நின்ற மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், அந்த வார்த்தை தானாக வந்தது. நீ குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினாய். கட்டியதை அவிழ்த்து மறுபடியும் கட்டினாய். இடம் கிடைத்துவிட்டது என்று திரும்பும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இப்போது அதிகமாக வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு நீ வளரவில்லை. மூன்று வருஷத்தில் ஒரே ஒரு அங்குலம். ஒவ்வொரு ஜூன் மாதமும் கோச் சார் உன்னை ஸ்கேலில் நிறுத்தி அளப்பார் என்றும், ஒரு தடவை உன்னை அளந்த பிறகு டேப் எடுத்து ஸ்கேலையே அளந்து பார்த்தார் என்றும் நீ சொல்லி நாம் சிரித்தோம். உனக்கு அது சிரிப்பாக இருந்திருக்காது. வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் உனக்கு முட்டை முட்டையாக அவித்துக் கொடுக்கச் சொன்னேன். நான் சொன்ன பொய்யை உன் எலும்பு நிஜமாக்க வேண்டும் என்று காத்திருந்தேன். ஒரு பிள்ளை மேல் எந்த அப்பனும் அப்படிப் பாரம் ஏற்றக் கூடாது.

கடைசி வருஷம் திருச்சியில் நடந்த மேட்ச் உனக்கு நினைவிருக்கும். மாமாவுக்கு உள்ளே நாற்காலி போட்டிருந்தார்கள். நான் கம்பி வலைக்கு வெளியே நின்றேன். எதிர் அணியில் உன் இடத்தில் ஆடியவன் ஆறடி ஐந்தங்குலம் என்று பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். பந்து மேலே போகும்போது அவன் முழங்கை உன் தலைக்கு மேல் இருந்தது. முதலில் நாலைந்து தடவை அவன் உன் தலைக்கு மேலேயே பந்தை வாங்கி, திரும்பி, கூடையில் போட்டான். நீ குதித்தும் எட்டவில்லை. "பிவட்டா இது, குட்டைப் பிவட்டு!" என்று ஒருவன் கத்தினான். என்னைத் திட்டியது மாதிரியே இருந்தது. பிறகு நீ குதிப்பதை நிறுத்தினாய். பந்து கிளம்பியதும் கூடையைப் பார்க்காமல், அவன் இடுப்பில் முதுகைக் கொடுத்து, காலை அகட்டி, ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பந்து பலகையில் பட்டு, ரீபவுண்ட் என்பாயே, அப்படி அந்த இடத்துக்கே வந்தது. மறுபடியும் வந்தது. நெட்டையன் உன் பின்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான், பந்து உன் கையில் இருந்தது.

எனக்கு ஆட்டம் தெரியாது. ஆனால் அது எனக்குத் தெரிந்த வேலை. வைக்கோல் போர் போடும்போது கீழே நிற்பவன் வைக்கோல் கட்டை வீசுவான், போர் மேல் நிற்பவன் பிடிக்க வேண்டும். எட்டி எட்டிப் பிடிக்கிறவன் சறுக்கி விழுவான். கட்டு கையை விட்டுக் கிளம்பும்போதே எங்கே வந்து இறங்கும் என்று பார்த்து, அங்கே காலை ஊன்றி நிற்பவன்தான் போர் போடுகிறவன். ஏழு வயதிலிருந்து நீ என்னோடு போர் மேல் நின்றாய். இடைவேளையில் கோச் சார் மாமா பக்கத்தில் வந்து, "பந்து போர்டுல படுறதுக்கு முன்னாடியே போய் நின்னுடுறான். இதை நான் சொல்லிக் குடுக்கல. யாருங்க சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார். மாமா கம்பி வலைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "நான்தாங்க, சின்ன வயசுல, வைக்கோல் போர் மேல நிக்க வச்சு" என்றார். பாவம், வேறு என்ன சொல்வார்? அப்போது நீ வேர்த்து விறுவிறுத்து வலை ஓரமாக வந்தாய். உன் கூட்டாளிகள் இரண்டு பேர் உன்னோடு வந்தார்கள். என் கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. "அண்ணே, தண்ணி குடுங்க" என்றாய்.

அதற்கு நீ என்றைக்கும் மன்னிப்புக் கேட்காதே. நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை நீ தவறில்லாமல் ஒப்பித்தாய், அவ்வளவுதான். அதற்கு அடுத்த வருஷம் நீ சிங்கப்பூர் போய்விட்டாய். அது கம்பெனிகள் எல்லாம் புதிது புதிதாக வந்து, ஊரில் பாதிப் பிள்ளைகள் பாஸ்போர்ட் எடுத்த காலம். நீ சம்பாதிக்கப் போகிறாய் என்று ஊர் சொன்னது. அப்பாவை 'அண்ணே' என்று கூப்பிட நேர்ந்த ஊரைவிட்டுத் தூரமாகப் போகிறாய் என்று எனக்குத் தோன்றியது.

பாவசங்கீர்த்தனத்தில் இதைப் பங்குச்சாமியாரிடம் இரண்டு தடவை சொன்னேன். மூன்று மன்றாட்டுச் சொல்லச் சொன்னார், சொன்னேன். கோச்சிடம் போய்ச் சொல் என்று அவர் சொல்லவில்லை. நானும் அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமை பூசையில் உன் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள். சாமியார் என் பெயரைச் சொல்லி, 'இன்னாருடைய மகன் அந்தோணிக்கும்' என்று வாசித்தபோது என் காது சுட்டது. இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்றும் வாசித்தார். எழுந்து நின்று, சாமி, நான் ஒரு தடவை இவன் என் மகன் இல்லை என்று சொன்னவன் என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. உன் அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், "எப்பப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை போனேன். பஸ் ஸ்டாண்டில் யாரையும் கேட்காமல் நானே போர்டைப் படித்து ஏறினேன். "எங்க போவணும் பெருசு?" என்றான் கண்டக்டர். "தஞ்சாவூருதான். போர்டைப் படிச்சுட்டுத்தாம்ப்பா ஏறுனேன்" என்றேன். "அப்படியா, அப்ப டிக்கெட்டையும் நீங்களே கிழிச்சுக்குங்க" என்றான். பஸ்ஸே சிரித்தது. நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூர் வரை ஒரு கடை போர்டு விடாமல் படித்துக்கொண்டு போனேன். அவ்வளவு சந்தோஷமாகப் போய், கோச் சார் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி, மாட்டி, மறுபடியும் கழற்றினேன்.

கோச் சார் ரிட்டையர் ஆகிவிட்டார். முடி எல்லாம் வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. "அந்தோணி வீட்டு ஆளுதானே நீங்க? வாங்க, வாங்க. அவங்க அப்பா சௌக்கியமா?" என்றார். "நான்தாங்க சார் அவங்க அப்பா" என்றேன். அவருக்குப் புரியவில்லை. மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை எல்லாவற்றையும் சொன்னேன், கைநாட்டு உட்பட. அவர் மனைவி கொண்டுவந்த காப்பியை அவர் எனக்குக் கொடுக்கச் சொல்லவில்லை, அந்த அம்மாள் தானாகக் கொடுத்தார்கள். அப்புறம் கோச் சார், "அன்னைக்கு ரெண்டு பசங்க இருந்தாங்க" என்றார். "ரெண்டு பேரும் ஆறடி. குத்தாலத்துப் பையன் ஒருத்தன், ஒங்க பையன் ஒருத்தன். ஆட்டத்துல ஒருத்தனுக்கு ஒருத்தன் எளைச்சவன் இல்ல. அந்தப் பையனோட அப்பாவும் வந்தாரு. ஒங்க உயரந்தான் இருப்பாரு. ஒளியல, மறையல, ஸ்கேல்ல வந்து நின்னாரு. நான் பையனைத் திருப்பி அனுப்பிட்டேன்" என்றார்.

ஒரே ஒரு இடம் என்றால் அதற்கு இன்னொருவன் வீட்டுப் பிள்ளையும் நின்றிருப்பான் என்று இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை, அந்தோணி. நான் இழந்ததையே நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பையனின் அப்பாவும் அன்றைக்கு அங்கேதான் நின்றிருப்பார். நானும் பார்த்திருப்பேன். எவ்வளவு யோசித்தும் அந்த மனிதர் முகம் நினைவுக்கு வரவில்லை. அன்றைக்கு நான் மாமாவின் உயரத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோச் சாருக்குக் கோபம்தான். "ஒங்களைச் சொல்றதா, என்னைச் சொல்றதான்னு தெரியல" என்றார். "ஆறு நாலு வருவான்னு எடுத்தேன். வரல. ஆனா என் சர்வீஸ்ல அவனை மாதிரி ரீபவுண்ட் எடுத்தவன் கெடையாது. அப்ப நான் அளந்தது எதை? ஸ்கேலை வச்சுக்கிட்டு அப்பன்களை அளந்தவன் நான்தானே." அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்து, "எத்தனை அடி இருப்பீங்க?" என்று கேட்டார். "தெரியாதுங்க சார், யாரும் அளந்ததில்லை" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கல்யாணத்துக்கு வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "பத்திரிகை அனுப்புங்க" என்றார். வாசல் வரை வந்து, "அந்த வைக்கோல் போர் வித்தை... அதுவும் நீங்கதானா?" என்றார். ஆமாம் என்றேன். அது ஒன்றைச் சொல்லும்போது மட்டும் நிமிர்ந்து சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பிள்ளைகளுக்கு நீ ஆட்டம் சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னாய். அதனால் ஒன்று சொல்கிறேன். உயரம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கம்பி வலைக்கு வெளியே நின்று பார்த்தவன் நான். எட்டாதது எட்டாதுதான், அந்த நெட்டையன் போட்ட முதல் நாலைந்தும் உனக்கு எட்டவில்லை. ஆனால் பந்து எங்கே இறங்கும் என்று முன்கூட்டிப் போய் நிற்கிற பிள்ளை இருந்தால் அவனை விட்டுவிடாதே. அவன் அப்பனை அழைத்துவரச் சொல்லாதே. எந்தப் பிள்ளையையும் அவன் வீட்டைப் பார்த்து வெட்கப்பட வைக்காதே. கல்யாணத்தில் நான் உன் பக்கத்தில் நிற்பேன். போட்டோவில் உன் நெஞ்சுக்குத்தான் வருவேன். உன் அம்மா முக்காலி எடுத்துவருகிறேன் என்று இப்போதே கேலி செய்கிறாள். யார் கேட்டாலும் நான் யார் என்று நானே சொல்வேன். நீ என்னை ஏற்றுக்கொண்டு நிற்பாயா என்பது உன் விருப்பம், நான் கேட்டு வாங்க மாட்டேன்.

அந்தக் குத்தாலத்துக்காரரின் பெயரையும் தெருவையும் கோச் சார் பழைய நோட்டில் தேடி எழுதிக் கொடுத்தார். சீட்டை நானே படித்தேன். பையன் இப்போது என்ன செய்கிறான், எங்கே இருக்கிறான் என்று அவருக்குத் தெரியவில்லை. வருகிற புதன்கிழமை கும்பகோணம் போய் பஸ் மாறிக் குத்தாலம் போகிறேன். மாமா தானும் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். அந்த மனிதரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஒங்க பிள்ளை இடத்தில் என் பிள்ளை படித்தான் என்று சொல்லலாம், அதற்கு மேல் என்ன இருக்கிறது? வாசலில் நிற்க விடுவாரோ, விடமாட்டாரோ. என்ன சொன்னார் என்று அடுத்த வாரம் அப்படியே உனக்கு எழுதுகிறேன். திட்டினால் அதையும் விடாமல் எழுதுகிறேன். சில வார்த்தைகளுக்கு எழுத்து தெரியாமல் போகலாம், ரோஸ்லின் டீச்சரிடம் அதையெல்லாம் கேட்க முடியாது. நானே எழுத்துக் கூட்டிக்கொள்கிறேன்.

உன் அப்பா